தாத்தாவின் சிலேத்தார் படத்தில் இருப்பது எந்தப் பறக்கும் படகு? கண்டுபிடிக்கும் முறை

சிங்கப்பூரின் சிலேத்தார் விமானத் தளத்தில் வேலை பார்த்தவர் வீட்டு ஆல்பத்தில் இப்படி ஒரு படம் இருக்கலாம். அரைக்கால் சட்டை போட்ட நாலைந்து பேர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். பின்னால் பெரிய வயிறும் உயரத்தில் இறக்கையும் கொண்ட ஒரு விமானம் பாதி தண்ணீரில் கிடக்கும். பின்புறத்தில் எதுவும் எழுதியிருக்காது. அந்த விமானத்தை அடையாளம் கண்டுவிட்டால் படம் எடுத்த ஆண்டை நெருங்கிவிடலாம். பல படங்களில் மூன்று நான்கு ஆண்டுக்குள்ளேயே சொல்லிவிட முடியும். காரணம், சிலேத்தாரில் நின்ற பறக்கும் படகுகளில் (தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே எழும் விமானங்கள்) பெரும்பாலானவை ஷார்ட் பிரதர்ஸ் என்ற ஒரே பிரிட்டிஷ் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. எந்த வகை எந்த ஆண்டு வந்தது, எந்த ஆண்டு போனது என்பது தெளிவாகத் தெரியும்.

முதலில் படத்தைக் காப்பாற்றுங்கள்

ஒட்டும் பக்கமும் பிளாஸ்டிக் மேலுறையும் உள்ள பழைய ஆல்பத்தில் படம் இருந்தால் பிய்த்து எடுக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பசை முதுகுக் காகிதத்தோடு கெட்டிப்பட்டிருக்கும். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை (மருந்துக் கடையில் கிடைக்கும்) படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு, ரம்பம் அறுப்பதுபோல மெதுவாக இழுங்கள். நூல் நகராத இடத்தில் நிறுத்திவிட்டு, ஆல்பத்தில் இருக்கும் நிலையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். ஒரு மூலை கிழிந்தால் அந்த மூலையில்தான் வால் எண் இருக்கும். படத்தில் பூஞ்சை படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் படத்தின் ஜெலட்டின் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். கேமரா வைக்கும் டிரை கேபினட்டில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் சில நாள் வைத்து, காய்ந்தபின் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலர் முறையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். எத்தனை டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஷார்ட் நிறுவனத்தின் சண்டர்லாந்து என்ற பறக்கும் படகின் நீளம் 26 மீட்டர். படத்தில் அது 6 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். உடலில் எழுதிய வரிசை எண்ணின் உயரம் போர்க்கால வழக்கப்படி 8 அங்குலம், அதாவது சுமார் 20 சென்டிமீட்டர். படத்தில் அது அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். 600 டிபிஐயில் அந்த எழுத்துக்கு 11 புள்ளி கிடைக்கும், படிக்க முடியாது. 1200 டிபிஐயில் 22 புள்ளி கிடைக்கும், படித்துவிடலாம். ஆகவே 1200 டிபிஐ வைத்து டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை வைத்து விமானத்தை அடையாளம் காண முயலாதீர்கள், அதில் எண் அழிந்திருக்கும்.

முதுகுப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தாலும் எழுதிய அழுத்தம் நிழலாகத் தெரியும்.

வடிவத்தைப் படியுங்கள், எண் பிறகு

படம் கைக்கு வந்ததும் எல்லோரும் பூதக்கண்ணாடியை எடுத்து எண்ணைத் தேடுவார்கள். அது தவறான தொடக்கம். மங்கலான 3ஐ 8 என்று வாசித்துவிட்டால் அதற்கு ஏற்றபடி மற்றதையெல்லாம் வளைத்துவிடுவோம். வடிவத்தில் அப்படி ஏமாற வழியில்லை. இறக்கை எத்தனை அடுக்கு, என்ஜின் எத்தனை, வாலில் எத்தனை துடுப்பு என்ற மூன்றையும் முதலில் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இறக்கை இரண்டு அடுக்கு, நடுவில் இரண்டு என்ஜின், வாலில் மூன்று துடுப்பு என்றால் அது சூப்பர்மரீன் சவுத்தாம்ப்டன். இது ஷார்ட் தயாரிப்பு அல்ல. 1927 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய நான்கு சவுத்தாம்ப்டன்கள் 1928 பிப்ரவரி 28 அன்று சிலேத்தாரில் இறங்கின. அந்த அணிதான் 1929 ஜனவரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் 205ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) ஆனது. அவற்றின் எண்கள் எஸ் 1149 முதல் எஸ் 1152 வரை. இந்த வகை 1930களின் நடுப்பகுதி வரை இங்கே இருந்தது.

இரண்டு அடுக்கு இறக்கை, மூன்று வால் துடுப்பு, ஆனால் என்ஜின் நான்கு என்றால் அது ஷார்ட் நிறுவனத்தின் சிங்கப்பூர் மார்க் 3. ஆம், விமானத்தின் பெயரே சிங்கப்பூர்தான். கடலோர ஊர்ப் பெயர்களைப் பறக்கும் படகுகளுக்குச் சூட்டுவது அக்காலப் பிரிட்டிஷ் விமானப்படையின் வழக்கம். ரங்கூன் என்ற பெயரிலும் ஒன்று இருந்தது. இதை அடையாளம் காணும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கும். நான்கு ரோல்ஸ் ராய்ஸ் கெஸ்ட்ரல் என்ஜின்களும் பக்கவாட்டில் வரிசையாக இருக்காது. முதுகோடு முதுகு ஒட்டியபடி, முன்னும் பின்னுமாக இரண்டு ஜோடிகளாக இருக்கும். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். நேர் முன்னாலிருந்து எடுத்த படத்தில் இரண்டு என்ஜின் மட்டுமே தெரிவதால் சவுத்தாம்ப்டன் என்று முடிவுகட்டிவிடுவார்கள். என்ஜின் கூட்டின் பின்முனையில் இன்னொரு புரொப்பெல்லர் இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தம் 37 விமானங்கள்தான் செய்யப்பட்டன. எல்லா எண்ணும் கே எழுத்தில் தொடங்கும். 205ஆம் ஸ்குவாட்ரன் இவற்றை 1935 முதல் 1941 வரை சிலேத்தாரில் ஓட்டியது.

ஒற்றை இறக்கை, நான்கு என்ஜின், உயரமான ஒரே வால் துடுப்பு, மூக்கிலும் வாலிலும் துப்பாக்கிக் கூண்டு என்றால் சண்டர்லாந்து. இறக்கை விரிவு 34.4 மீட்டர். உங்கள் படத்தில் இருப்பது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

ஒற்றை இறக்கை, இரண்டு என்ஜின், இறக்கை உடலோடு ஒட்டாமல் ஒரு தூண்மேல் நிற்கிறது என்றால் அமெரிக்கத் தயாரிப்பான கேட்டலினா. 205ஆம் ஸ்குவாட்ரனுக்கு 1941இல் வந்தது. அப்படியானால் படம் 1941க்கும் சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பிப்ரவரிக்கும் நடுவே எடுத்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலப் படமென்றால் கவனம் தேவை. ஜப்பானியரின் நான்கு என்ஜின் கவானிஷி எச்8கே படகைத் தூரத்தில் பார்த்தால் சண்டர்லாந்து போலவே இருக்கும். கவானிஷி நிறுவனமும் ஷார்ட் பிரதர்ஸிடம் பாடம் கற்றதுதான். 1930இல் அதற்காக ஒரு பறக்கும் படகை ஷார்ட் வடிவமைத்துக் கட்டிக் கொடுத்தது. உடலில் உள்ளது ஒரே நிறத்தில் நிரப்பிய வட்டமா, வளையம் வளையமான வட்டமா என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

சண்டர்லாந்தில் ஏமாற்றும் மூன்று இடங்கள்

முதலாவது மூக்கு. சண்டர்லாந்தின் முன் துப்பாக்கிக் கூண்டு தண்டவாளத்தில் பின்னால் நகரக்கூடியது. தண்ணீரில் விமானத்தைக் கட்டும்போது கூண்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, திறந்த இடத்தில் ஒருவர் நின்று கடலில் மிதக்கும் போயாவின் கயிற்றைப் பிடிப்பார். கட்டிய நிலையில் எடுத்த படத்தில் மூக்கு வெட்டுப்பட்டதுபோல் தெரியும். அதை வேறு வகை என்றோ சேதமடைந்த விமானம் என்றோ நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது சக்கரம். கரையில் நிற்கும் படத்தில் உடலின் இரு பக்கமும் சக்கரங்களும் வாலுக்கு அடியில் ஒரு சிறிய வண்டியும் இருக்கும். அவை விமானத்தின் உறுப்புகள் அல்ல, கரையேற்றுவதற்காகத் தண்ணீரிலேயே மாட்டுபவை. மாட்டிய பிறகு டிராக்டர் வைத்து வால் முன்னால் வரும்படி சரிவுத்தளத்தில் இழுப்பார்கள். இழுப்பவர்களும் இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர்களும் படத்தில் இருந்தால் அவர்கள் முகங்களைத் தனியாகப் பெரிதாக்கி வையுங்கள். குடும்பத்துக்கு விமானத்தைவிட அது முக்கியம்.

மூன்றாவது, அதே சாயலில் உள்ள பயணிகள் படகு. ஷார்ட் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் ஆர்தர் கூஜ் வரைந்த எம்பயர் வகைப் பயணிகள் படகு 1936 ஜூலையில் முதலில் பறந்தது. அதே குடும்பத்துச் சண்டர்லாந்து 1937 அக்டோபர் 16 அன்று பறந்தது. எம்பயர் படகில் துப்பாக்கிக் கூண்டு கிடையாது, வால் கூராக முடியும், பக்கவாட்டில் வரிசையாக ஜன்னல் இருக்கும். மூக்குக்கு அருகே அதன் பெயர் எழுதியிருக்கும், அது ஆங்கில சி எழுத்தில் தொடங்கும். கனோபஸ், கோரியோ, கூராங் எல்லாம் அப்படித்தான். இத்தகைய படம் சிலேத்தாரைவிடக் காலாங்கில் எடுத்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1937 ஜூன் 12 அன்று திறந்த காலாங் விமான நிலையத்தில் பறக்கும் படகுகளுக்கென்றே சரிவுத்தளம் இருந்தது. போருக்குப் பிறகு பிஓஏசி என்ற பிரிட்டிஷ் பயணிகள் விமான நிறுவனம் சண்டர்லாந்துகளைப் பயணிகளுக்காக மாற்றி ஓட்டியது. அவற்றின் பெயர் எச் அல்லது பி எழுத்தில் தொடங்கும். அப்படியானால் படம் 1946க்குப் பிந்திய சில ஆண்டுகளைச் சேர்ந்தது.

போருக்கு முன்னா பின்னா

சண்டர்லாந்து முதன்முதலாக எந்த ஸ்குவாட்ரனுக்கு வந்தது தெரியுமா? 1938 ஜூனில், இதே சிலேத்தாரில் இருந்த 230ஆம் ஸ்குவாட்ரனுக்கு.  உலகப்போர் தொடங்கியதும் அந்த ஸ்குவாட்ரன் மேற்கே போய்விட்டது. 1945 செப்டம்பருக்குப் பிறகு சண்டர்லாந்துகள் திரும்பி வந்து 1959 வரை இருந்தன. ஆகவே சிலேத்தார் சண்டர்லாந்துப் படம் ஒன்று 1938–39 காலத்தது, இல்லையேல் 1945–59 காலத்தது.

இரண்டையும் பிரிக்க இறக்கையின் வெளிமுனைக்கு அடியில் பாருங்கள். கண்ணீர்த்துளி வடிவில் ஒரு புடைப்பு தொங்கினால் அது ரேடார் கூடு. போருக்கு முந்திய மார்க் 1 விமானத்தில் இது இல்லை. கூடு இருந்தால் படம் 1945க்குப் பிந்தியது என்று தயங்காமல் எழுதலாம். கூடு தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து முந்தியது என்று எழுத முடியாது, கோணத்தில் மறைந்திருக்கலாம்.

அடுத்தது எண். பிரிட்டிஷ் வரிசை எண்ணில் 1940 வரை ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும் இருந்தன. இஸட் 9999 வரை போய் முடிந்ததும் இரண்டு எழுத்து, மூன்று இலக்கம் என்று மாறியது. எல் 2160 போன்ற எண் 1938–39ஐக் காட்டும். போருக்குப் பின் சிலேத்தாரில் நின்ற மார்க் 5 விமானங்களின் எண்கள் எம்எல், என்ஜே, பிபி, ஆர்என், எஸ்இஸட், விபி, டிபி போன்ற எழுத்துகளில் தொடங்கும். இலக்கம் 100க்குக் கீழே வராது. நீங்கள் வாசித்தது 097 என்றால் முதல் இலக்கத்தைத் தவறாக வாசித்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் பி, ஆர் இரண்டும் மாறிப் படிக்கும். 5, 6 மாறும். 3, 8 மாறும். சந்தேகமான ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு வாசிப்பையும் எழுதிவைத்து, பதிவேட்டில் இரண்டையும் தேடுங்கள்.

வட்டச் சின்னமும் காலம் சொல்லும், ஆனால் ஃபிலிமைப் பொறுத்து ஏமாற்றும். பழைய ஆர்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். நடு கறுப்பு, வெளிவளையம் வெளுப்பு என்று தெரிந்தால் அது சாதாரணச் சிவப்பு-வெள்ளை-நீலச் சின்னம்தான், ஃபிலிம்தான் பழையது. நடு வெளுப்பு, வெளிவளையம் கறுப்பு என்று தெரிந்தால் அது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தின் இருநீலச் சின்னமாக இருக்கலாம். ஜப்பானியச் சூரியனோடு குழம்பக் கூடாது என்று சிவப்பையே நீக்கிவிட்ட சின்னம் அது. போர் முடிந்த பிறகும் சில காலம் விமானங்களில் இருந்தது. 1947க்குப் பிறகு மறுபடி பளிச்சென்ற மூவண்ணம் வந்தது.

நிறுவனத்தின் கதை ஏன் தெரிய வேண்டும்

ஹொரஸ், யூஸ்டஸ், ஆஸ்வால்டு என்ற மூன்று சகோதரர்கள் 1908 நவம்பரில் தொடங்கியது ஷார்ட் பிரதர்ஸ். யூஸ்டஸும் ஆஸ்வால்டும் அதற்கு முன் லண்டன் பேட்டர்சீயில் ரயில் பாலத்து வளைவுகளுக்கு அடியில் பலூன் செய்துகொண்டிருந்தவர்கள். ரைட் சகோதரர்களின் விமானத்தை ஆறு எண்ணிக்கையில் கட்டித்தர ஒப்பந்தம் எடுத்தார்கள். ஒரே மாதிரியை வரிசையாகத் தயாரித்த முதல் விமான நிறுவனம் என்று அவர்களைச் சொல்வது அதனால்தான். பிறகு ரோச்செஸ்டரில் மெட்வே நதிக்கரைக்குப் போனார்கள். விமானத்தைக் கட்டி நேரே ஆற்றில் இறக்கலாம் என்பதே அந்த இடத்தின் வசதி.

நம் கடலுக்கு அவர்கள் தந்த பெரிய கொடை உலோக உடல். மர உடல் நாளாக ஆகத் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், வெப்பமண்டலக் கடலில் புழு அரிக்கும். சவுத்தாம்ப்டனை மரத்திலிருந்து உலோகத்துக்கு மாற்றியபோது, ஊறும் தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 400 கிலோ மிச்சமானது. உலோகத்தில் உடல் கட்டும் வழியை 1920களின் தொடக்கத்திலிருந்தே ஷார்ட் விடாப்பிடியாகச் சோதித்து வந்தது. உங்கள் படத்தைப் பெரிதாக்கினால் உடலில் புள்ளி வரிசைகள் தெரிகின்றனவா? அவை ரிவெட்டுகள். சிலேத்தார் வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் அந்த உடலைக் கழுவி, பழுது பார்த்து, ஓட்டையை அடைத்தவர்களில் உள்ளூர்த் தொழிலாளர்களும் உண்டு.

1936இல் பெல்ஃபாஸ்ட்டில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் நிறுவனத்தோடு சேர்ந்து இரண்டாவது ஆலை வந்தது. 1943இல் பிரிட்டிஷ் அரசு நிறுவனத்தையே எடுத்துக்கொண்டது. கடைசிச் சண்டர்லாந்து 1946இல் வெளிவந்தது. பிறகு ரோச்செஸ்டர் மூடப்பட்டு எல்லாம் பெல்ஃபாஸ்ட்டுக்குப் போனது. 1950களில் சிலேத்தாரில் நின்ற ஒவ்வொரு சண்டர்லாந்தும் 1946க்குள் கட்டியது என்பதை நினைவில் வையுங்கள். விமானம் கட்டிய ஆண்டைப் படம் எடுத்த ஆண்டாக எழுதிவிடுவது இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ஷார்ட் பெயர் மறுபடி சிங்கப்பூர் வந்தது 1973இல், நம் விமானப்படை வாங்கிய ஆறு ஸ்கைவேன்களோடு. பெட்டிக்கு இறக்கை முளைத்ததுபோல் இருக்கும் அதை வேறெதோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

காகிதத்தில் தேடுவது

எண்ணும் ஸ்குவாட்ரனும் கிடைத்துவிட்டால் பிரிட்டனின் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற தொகுப்பைத் தேடுங்கள். அது ஸ்குவாட்ரன்களின் செயற்பாட்டுப் பதிவேடு. படிவம் 540 அந்த மாதச் சம்பவங்களைச் சொல்லும். படிவம் 541 எந்த எண்ணுள்ள விமானம் எந்த நாளில் யாருடன் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று சொல்லும். தளம் முழுவதற்குமான பதிவேடு ஏர் 28இல் இருக்கிறது. சிலேத்தாரின் 390 போன்ற பராமரிப்பு யூனிட்டுகளுக்கு ஏர் 29ஐப் பாருங்கள். உள்ளூர்த் தொழிலாளர் பெயரை இவற்றில் எதிர்பார்த்துப் போனால் மனம் சோர்ந்துபோகும். அவர்கள் பெயர் இருப்பது வீட்டில்தான். வேலைச் சான்றிதழ், கேட் பாஸ், தளம் மூடியபோது கொடுத்த கடிதம் ஆகியவற்றில் யூனிட் எண் இருக்கும். அந்த எண்ணோடு போனால்தான் சரியான பதிவேடு திறக்கும்.

இங்கே, தேசிய நூலகத்தின் இணையப் பத்திரிகைத் தொகுப்பில் பழைய நாளிதழ்களைத் தேடலாம். ஆங்கிலத்தில் 'சிங்கப்பூர்' என்ற விமானப் பெயரைப் போட்டால் ஊர்ச் செய்தி முழுவதும் வந்து கொட்டும். அதனால் 'ஃபிளையிங் போட்', 'சிலேத்தார்', ஸ்குவாட்ரன் எண் மூன்றையும் சேர்த்து, ஆண்டு எல்லை வைத்துத் தேடுங்கள். தமிழ் முரசின் பழைய இதழ்களில் சொல் தேடலை மட்டும் நம்பாதீர்கள். பழைய ணை, லை, றா எழுத்து வடிவங்களைக் கணினி தவறாக வாசிக்கும். ஆங்கில இதழில் தேதியைப் பிடித்துக்கொண்டு, அதற்கடுத்த இரண்டு மூன்று நாள் முரசைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே பலன் தரும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளிலும் தளத்தில் வேலை செய்தவர்களின் குரல் இருக்கிறது.

அங்கே வேலை பார்த்த பெரியவர் வீட்டில் இருந்தால் மற்றதெல்லாம் பிறகு. "தாத்தா, இது எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். வருஷம் நினைவில் நிற்காது. "சக்கரம் மாட்ட தண்ணிக்குள்ள யாரு இறங்குவா? ஜாலான் காயு கேட்டுக்கு சைக்கிள்லயா போவீங்க? அப்ப அத்தை பிறந்தாச்சா?" என்று கேளுங்கள். அத்தையின் பிறப்புச் சான்றிதழில் தேதி இருக்கிறது. பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யும்போது, அவர் படத்தில் யாரைத் தொட்டுக் காட்டுகிறார் என்பதை "இடப்பக்கமிருந்து மூன்றாவது" என்று நீங்கள் உரக்கச் சொல்லுங்கள். ஒலிப்பதிவில் விரல் தெரியாது.

கண்டதை எழுதிவைப்பது

படத்தின் முதுகில் பேனாவால் எழுதக் கூடாது, மை முன்பக்கம் ஊறும். அமிலமில்லாத தனித் தாளில் பென்சிலால் எழுதி, படத்தோடு உறையில் வையுங்கள். கோப்பின் பெயரிலும் ஆண்டைச் சேருங்கள். உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்து எழுத வேண்டும். ஊகத்துக்குக் காரணமும் எழுதினால் பிறகு வருபவர் திருத்த முடியும். ஒரு மாதிரி:

"சிலேத்தார், வடக்குக் கரைச் சரிவுத்தளம். ஷார்ட் சண்டர்லாந்து மார்க் 5. இறக்கைக்கு அடியில் ரேடார் கூடு தெரிகிறது, ஆகவே 1945 – 1959. மூவண்ணச் சின்னம், ஆகவே 1947க்குப் பிந்தியதாக இருக்கலாம். எண் ஆர்என் 2_3, நடு இலக்கம் 7 அல்லது 9. இடமிருந்து இரண்டாவது: தாத்தா. நான்காவது: பெயர் தெரியவில்லை, தலைப்பாகை. கேட்க வேண்டியவர்: பெரிய அத்தை."